உம்மா பக்கத்தில் இல்லாத நாளில் உன் நோயை யார் சொல்வது?

(வட்டார இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று தேர்தலைப் பற்றிப் பேசப் போவதில்லை. இட ஒதுக்கீட்டைப் பற்றியும் பேசப் போவதில்லை. அவற்றுக்கு மேடைகள் நிறைய இருக்கின்றன. நான் பேச வந்திருப்பது ஒரு நோட்டுப் புத்தகத்தைப் பற்றி. சிரிக்காதீர்கள். நாற்பது ரூபாய் நோட்டு இல்லாததால் ஓர் உயிர் ஊசலாடுகிறது என்றால் அது அரசியலை விடச் சிறிய விஷயமா?

நம் தெருக்களை எண்ணிப் பாருங்கள். பிறவியிலேயே இதயத்தில் கோளாறோடு பிறந்து, நாலைந்து வயதில் ஆபரேஷன் செய்த பிள்ளை இருக்கிறது. எட்டு வயதிலிருந்து இன்சுலின் போட்டுக்கொள்ளும் பிள்ளை இருக்கிறது. மாதம் ஒரு தடவையோ இரண்டு தடவையோ ரத்தம் ஏற்றும் தலசீமியா பிள்ளை இருக்கிறது. வலிப்புக்கு மாத்திரை சாப்பிடும் பிள்ளை, ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்துக் குணமான பிள்ளை, மூட்டுக் காய்ச்சலால் வால்வு கெட்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போடும் பிள்ளை... இவர்கள் எல்லாம் யார்? நம் பிள்ளைகள்.

நம் பாட்டனார் காலத்தில் இந்தப் பிள்ளைகளில் பலர் பிழைத்ததில்லை. 1922இல்தான் கனடாவின் டொராண்டோவில் முதன்முதலாக 14 வயதுப் பையன் ஒருவனுக்கு இன்சுலின் போட்டார்கள். அதற்கு முன்னால் அந்த வகைச் சர்க்கரை நோய் வந்த குழந்தை சில மாதங்களிலோ ஓரிரு ஆண்டுகளிலோ மவுத்தாகிவிடும். இன்று அந்தப் பிள்ளை வளர்கிறது, படிக்கிறது, கடையில் உட்காருகிறது, கல்யாணம் செய்கிறது. அல்ஹம்துலில்லாஹ்! ஆனால் பிள்ளை பிழைக்க வேண்டும் என்று ஓடிய நாம், பிழைத்த பிள்ளை பெரியவனாகும் நாளைப் பற்றி யோசித்தோமா? இல்லை.

அந்த நாளில் என்ன நடக்கிறது? நம் மாநிலத்து அரசு மருத்துவமனைகளில் குழந்தைகள் பிரிவு பொதுவாக 12 வயது வரைதான். அதற்கு மேல் பெரியவர்கள் பிரிவுக்குப் போகச் சொல்வார்கள். தனியார் குழந்தை மருத்துவர்கள் சிலர் 18 வரை பார்க்கிறார்கள். ஏதோ ஒரு நாளில், "தம்பி, இனிமேல் நீ பெரிய டாக்டரிடம் போ" என்று சொல்லித்தான் ஆக வேண்டும். அந்தக் குழந்தை மருத்துவருக்கு இந்தப் பையனைக் கைக்குழந்தையிலிருந்து தெரியும். முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். புதிய டாக்டருக்கு அவன் யார்? நூற்றைம்பதாவது டோக்கன்! அவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். அந்தச் சில நிமிடங்களில் பதினைந்து வருடக் கதையை யார் சொல்வது?

உம்மா சொல்வார் என்கிறீர்களா? அங்கேதான் பிரச்சினை இருக்கிறது.

நம் குடும்பங்களில் பிள்ளையின் நோய் முழுவதும் உம்மாவின் தலைக்குள் இருக்கிறது. வாப்பா சவூதியில் இருக்கிறார், அல்லது கடையே கதி என்று இருக்கிறார். எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, எந்த வருடம் ஐ.சி.யு.வில் கிடந்தான், எந்த மாத்திரையை நிறுத்தினார்கள், ஏன் நிறுத்தினார்கள் — எல்லாம் உம்மாவுக்கு மனப்பாடம். காகிதங்கள் ஜவுளிக்கடைப் பையில் பீரோவின் மேல் கிடக்கும். பையனைக் கேட்டால், "உம்மாவுக்குத்தான் தெரியும்" என்பான். மீசை முளைத்த ஆண்பிள்ளை சொல்லும் பதிலா இது?

இரண்டு வருடங்களுக்கு முன்னால் ஓர் இரவு, காய்ச்சலோடு வந்த இருபது வயது இளைஞன் ஒருவனைக் கூட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனோம். பத்து நாட்களாகக் காய்ச்சல் விட்டுவிட்டு வருகிறது. சட்டையைத் திறந்து பார்த்த பயிற்சி டாக்டர் நெஞ்சின் நடுவே தழும்பைக் கண்டார். "என்ன ஆபரேஷன்?" "சின்ன வயசுல ஹார்ட்ல ஓட்டை சார்." "என்ன ஓட்டை? எங்கே அடைத்தார்கள்? உள்ளே ஏதாவது வைத்திருக்கிறார்களா?" பையனுக்குத் தெரியவில்லை. உம்மா மூன்று வருடங்களுக்கு முன் மவுத்தாகிவிட்டார். வாப்பாவுக்கு வருடம் கூட நினைவில்லை. பல் பிடுங்கினாயா என்று கேட்டார். போன மாதம் பிடுங்கினானாம். பல் டாக்டரிடம் ஆபரேஷனைப் பற்றிச் சொன்னாயா? சொல்லவில்லை. அவர் கேட்டாரா? நினைவில்லை.

அந்த டாக்டர் ஏன் பல்லைப் பற்றிக் கேட்டார் தெரியுமா? வாயிலிருக்கும் கிருமி ரத்தத்தில் கலந்து, இதயத்தின் உள்சுவரிலோ வால்விலோ போய் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கும் ஒரு நோய் இருக்கிறது. செயற்கை வால்வு வைத்தவர்களுக்கும் இன்னும் சில இதயக் கோளாறு உள்ளவர்களுக்கும் பல் பிடுங்குவதற்கு முன்னால் ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டும். எல்லாருக்கும் தேவையில்லை. சாதாரண ஓட்டை முழுமையாக அடைபட்டு வருடங்கள் ஓடியவனுக்குத் தேவையில்லை. ஆக, "ஓட்டை" என்ற ஒரு சொல் போதாது. இதயத்தின் மேல் அறைகளுக்கு நடுவிலா, கீழ் அறைகளுக்கு நடுவிலா? உடம்பே நீலம் பாரித்துப் பிறக்கும் ஃபாலோ நோயா? ஃபாலோ என்றால், ஆபரேஷன் நன்றாக முடிந்திருந்தாலும் நுரையீரலுக்குப் போகும் வால்வு பின்னாளில் கசியக்கூடும். வாழ்நாள் முழுவதும் எக்கோ எடுத்துப் பார்க்க வேண்டும். "ஆபரேஷன் முடிந்தது, இனி ஒன்றுமில்லை" என்று எண்ணி, பத்து வருடங்களாக டாக்டர் பக்கமே போகாத இளைஞர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கலாம்.

அந்தப் பையன் பிழைத்தான். அதற்கு முன்னால் ஆறு வாரங்கள் ஊசி மருந்து. முதல் நான்கு நாட்கள், அவனுக்கு என்ன செய்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கவே போயின. ஆபரேஷன் நடந்த மருத்துவமனைக்கு ஆள் அனுப்பினோம். "அந்த வருடத்துக் கேஸ் ஷீட் எதுவும் இப்போது இல்லை" என்று கையை விரித்துவிட்டார்கள்.

அவர்கள் மேல் கோபப்பட்டுப் பயனில்லை சகோதரர்களே! 2002ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் விதிகள், உள்நோயாளியின் ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்றுதான் சொல்கின்றன. மூன்றே ஆண்டுகள்! நாலு வயதில் ஆபரேஷன் செய்த பிள்ளை பத்தொன்பது வயதில் போய்க் கேட்டால் எங்கே இருக்கும்? ஆனால் அதே விதிகள் இன்னொன்றையும் சொல்கின்றன. நோயாளியோ அவர் அனுமதித்தவரோ ஆவணங்களைக் கேட்டால், 72 மணி நேரத்திற்குள் கொடுக்க வேண்டும். இது சலுகையல்ல, கடமை. எழுத்து மூலம் கேளுங்கள். தேதி போட்டு, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். ஜெராக்ஸ் செலவைக் கொடுங்கள். சண்டை வேண்டாம். நம்மில் சிலர் கவுண்டரில் குரலை உயர்த்தினால்தான் காரியம் நடக்கும் என்று நினைக்கிறார்கள். அங்கே உட்கார்ந்திருக்கும் பெண்ணும் யார் வீட்டுப் பிள்ளையோதான்.

வணிகச் சகோதரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. வருடம் முடிந்தால் பழைய பேரேட்டை மூடிவிட்டுப் புதுப் பேரேடு போடுகிறீர்கள். முதல் பக்கத்தில் என்ன எழுதுகிறீர்கள்? முன் இருப்பு. யாருக்குக் கொடுக்க வேண்டும், யாரிடம் வர வேண்டும், கையில் சரக்கு எவ்வளவு. முன் இருப்பு எழுதாமல் எந்த முட்டாளாவது புதுக் கணக்கு தொடங்குவானா? குழந்தை மருத்துவரிடமிருந்து பெரிய டாக்டரிடம் போகும் பிள்ளையை, முன் இருப்பே எழுதாத பேரேட்டோடு அனுப்பி வைக்கிறோம்.

இது உவமைக்காகச் சொன்னதல்ல, உடம்பே அப்படித்தான் கணக்கு வைத்திருக்கிறது. ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்த பிள்ளைகள் பலருக்குச் சிவப்பு நிறத்தில் ஒரு மருந்தை ஏற்றியிருப்பார்கள். டாக்சோருபிசின் என்று பெயர். அட்ரியாமைசின் என்றும் சொல்வார்கள். அந்த மருந்து இதயத் தசையைப் பாதிக்கக்கூடியது. ஒரு மனிதனுக்கு வாழ்நாளில் மொத்தம் இவ்வளவுதான் கொடுக்கலாம் என்று எல்லை வைத்திருக்கிறார்கள். பாதிப்பு பல வருடங்கள் கழித்தும் தலை காட்டலாம். ஆறு வயதில் ஏற்றியது எத்தனை மில்லிகிராம் என்பது முப்பது வயதில் அவனைப் பார்க்கும் இதய டாக்டருக்குத் தெரிய வேண்டும். கதிர்வீச்சு கொடுத்திருந்தால் உடம்பின் எந்தப் பகுதியில், எவ்வளவு என்றும் தெரிய வேண்டும். தலசீமியா பிள்ளைக்கு ஏற்றும் ஒவ்வொரு பை ரத்தத்தோடும் இரும்புச் சத்து உடம்பில் சேர்கிறது. அதை வெளியேற்ற மருந்து உண்டு. ஃபெரிட்டின் என்ற சோதனையின் அளவை வரிசையாக எழுதி வைத்திருந்தால்தான் ஏறுகிறதா, இறங்குகிறதா என்று தெரியும். ஒரு தடவை பார்த்த எண்ணால் என்ன பயன்? ஒரே நாள் விற்பனையை வைத்து வருட லாபத்தைச் சொல்ல முடியுமா?

சரி, நோட்டில் என்ன எழுதுவது?

முதல் பக்கத்தில், மயங்கிக் கிடப்பவனின் பையிலிருந்து எடுத்துப் படித்தால் போதும் என்ற அளவுக்கு: பெயர், பிறந்த தேதி, ரத்த வகை, நோயின் சரியான பெயர், ஒத்துக்கொள்ளாத மருந்து, இப்போது சாப்பிடும் மருந்துகள், கூப்பிட வேண்டிய இரண்டு தொலைபேசி எண்கள். நோயின் பெயரை நீங்களாகத் தமிழில் எழுதாதீர்கள். குழந்தை மருத்துவரின் கையாலேயே எழுதி வாங்குங்கள். "ஒத்துக்கொள்ளாது" என்பதையும் விளக்கமாக எழுதுங்கள். பென்சிலின் போட்டதும் மூச்சுத் திணறியதா, வெறும் வயிற்றுப்போக்கா? இரண்டும் ஒன்றல்ல. ஜி6பிடி குறைபாடு உள்ளவர்கள் அதைக் கட்டாயம் முதல் பக்கத்தில் எழுத வேண்டும். மலேரியாவுக்குக் கொடுக்கும் பிரிமாகுயின் மாத்திரை அவர்களுடைய ரத்த அணுக்களை உடைத்துவிடும்.

மருந்தைக் கம்பெனிப் பெயரில் மட்டும் எழுதாதீர்கள். உள்ளிருக்கும் மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், எந்த நேரம். "காலையில் வெள்ளை மாத்திரை, ராத்திரி பாதி மஞ்சள்" என்பது வைத்தியமா, விடுகதையா? துபாயில் கம்பெனிப் பெயர் வேறு, மாத்திரையின் நிறமும் வேறு.

இன்சுலின் போடும் பிள்ளைகளின் பெற்றோர் இந்த இடத்தில் கவனமாகக் கேளுங்கள். நம் நாட்டு மருந்துக் கடைகளில் குப்பியில் விற்கும் இன்சுலினில் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். பேனாவில் போடுவதும், பல வெளிநாடுகளில் கிடைப்பதும் ஒரு மில்லிக்கு 100 யூனிட். ஊசிக் குழாயும் அதற்கேற்ப வேறு வேறு: 40க்குச் சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி. ஊரிலிருந்து கொண்டுபோன சிவப்பு மூடி ஊசியில், அங்கே வாங்கிய 100 யூனிட் மருந்தை "10" என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட்! இரண்டரை மடங்கு! சர்க்கரை தாழ்ந்து, அறையில் தனியாகக் கிடந்து, விடிவதற்குள் எதுவும் நடக்கலாம். "10 யூனிட்" என்று மட்டும் எழுதினால் போதாது. 40ஆ, 100ஆ என்று பக்கத்திலேயே எழுத வேண்டும்.

வளைகுடா என்றதும் இன்னொன்று. வலிப்புக்குக் கொடுக்கும் ஃபீனோபார்பிட்டோன், குளோனசிபாம் போன்றவை சர்வதேச அளவில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். ஐக்கிய அரபு அமீரகம் போன்ற நாடுகளுக்கு அவற்றைக் கொண்டுபோக முன்அனுமதி வேண்டும். டாக்டர் சீட்டும் நோயின் விவரமும் இல்லாமல் மாத்திரைகளைப் பெட்டியில் அள்ளிப் போட்டுக்கொண்டு விமான நிலையத்தில் இறங்குபவன், போதைப்பொருள் கொண்டுவந்தவனாகப் பார்க்கப்படுவான். நோட்டும் சீட்டும் கையில் இருந்தால், புறப்படுவதற்கு முன்பே அனுமதி கேட்கலாம்.

"நாங்கள்தான் விசாவுக்கு மெடிக்கல் எடுக்கிறோமே" என்று சிலர் கேட்கிறார்கள். அது உன்னை வேலைக்கு எடுக்கலாமா என்று பார்ப்பதற்கான சோதனை. உன் உடம்பின் வரலாறு அதில் இல்லை. சிறுவயதில் காசநோய் வந்து முழுமையாக மருந்து சாப்பிட்டு முடித்தவனின் எக்ஸ்ரேயில் தழும்பு தெரியும். அதைப் பார்த்துத் தகுதியில்லை என்று எழுதிவிடுவதும் உண்டு. சிகிச்சை முடித்த அட்டை அந்த விதியை மாற்றாது. பொய்யாக ஆசை காட்ட மாட்டேன். ஆனால் அந்த அட்டை இருந்தால், இங்கே இன்னொரு டாக்டர் அதே தழும்பைப் பார்த்துவிட்டு மறுபடி ஆறு மாதம் காசநோய் மருந்தைத் தொடங்க மாட்டார்.

இப்போது பெண் பிள்ளைகளைப் பற்றி. இதைப் பேசினால் பெரியவர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை. "மவ்லவி சாஹிப், நோட்டில் எழுதி வைத்தால் நாளைக்குச் சம்பந்தம் பேசுகிறவர்களுக்குத் தெரிந்துபோகுமே!" — இதை என்னிடம் நேரில் கேட்டவர்கள் பலர். அவர்களின் பயம் எனக்குப் புரிகிறது. பெண்ணைப் பெற்றவனின் பயத்தை ஏளனம் செய்ய நான் வரவில்லை. நோட்டு என்பது சுவரில் ஒட்டும் போஸ்டரும் அல்ல; அது அந்தப் பெண்ணின் அலமாரியில் இருக்கும். ஆனால் மறைத்துக் கட்டிக் கொடுத்த பிறகு என்ன நடக்கிறது? புகுந்த வீட்டில் யார் கண்ணிலும் படக்கூடாது என்று வலிப்பு மாத்திரையை நிறுத்துகிறாள். அடுப்படியில் வலிப்பு வருகிறது. அல்லது ஒளித்து வைத்துச் சாப்பிடுகிறாள். அந்த மாத்திரை சோடியம் வால்ப்ரோயேட்டாக இருந்தால், வயிற்றில் வளரும் குழந்தைக்கு உறுப்புக் குறைபாட்டையும் மூளை வளர்ச்சிக் குறைபாட்டையும் உண்டாக்கக்கூடியது. கருத்தரிப்பதற்கு முன்பே டாக்டரைக் கலந்து வேறு மருந்துக்கு மாற வேண்டும். செயற்கை வால்வு வைத்த பெண் ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் வார்ஃபரின் மாத்திரையும் கருவைப் பாதிக்கும். அதற்காகத் தானாக நிறுத்தினாலோ வால்வில் ரத்தம் கட்டித் தாயின் உயிருக்கே ஆபத்து. எந்த மாதம் எதைக் கொடுப்பது என்று டாக்டர்தான் முடிவு செய்ய முடியும். மறைத்து வைத்த நோயை அவர் எப்படிக் கணக்கில் எடுப்பார்? மாப்பிள்ளை வீட்டாருக்கு விவரத்தைச் சொல்லித்தான் பேச வேண்டும் என்பது என் கருத்து. சொன்னதும் ஓடிப்போகிற சம்பந்தம் ஓடட்டும். பிள்ளைத்தாய்ச்சியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அலையும்போது ஓடுவதை விட அது மேல்.

நோன்பு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். இன்சுலின் போடும் பையன் பதினைந்து பதினாறு வயதானதும் கூட்டாளிகளைப் பார்த்து, யாரிடமும் சொல்லாமல் நோன்பு பிடிக்கிறான். நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். இந்த வகைச் சர்க்கரை நோயாளிகள் நோன்பு வைப்பது ஆபத்து அதிகமானது என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். அதையும் மீறி வைக்க விரும்புகிறவன், ரமளானுக்கு ஒன்றிரண்டு மாதங்கள் முன்பே டாக்டரைப் பார்த்து, ஸஹருக்கு எவ்வளவு, இஃப்தாருக்கு எவ்வளவு என்று நோட்டில் எழுதி வாங்க வேண்டும். விரலைக் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது. 70க்குக் கீழே இறங்கினாலோ 300ஐத் தாண்டினாலோ அந்த நிமிடமே நோன்பை விட்டுவிட வேண்டும். மஃரிபுக்கு இன்னும் பத்து நிமிடம்தானே என்று பார்க்கக்கூடாது.

காகிதங்களைப் பற்றிச் சில வார்த்தை. ஈ.சி.ஜி. தாளும் சில சோதனைச் சீட்டுகளும் வெப்பத்தில் அச்சாகும் தாள்கள். இரண்டு வருடத்தில் எழுத்து மங்கி வெள்ளையாகிவிடும். லாமினேட் செய்தால் பத்திரமாக இருக்கும் என்று எண்ணி மெஷினில் கொடுத்தால், அந்தச் சூட்டிலேயே முழுவதும் கறுத்துவிடும். ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, ஆபரேஷன் குறிப்பு, கடைசி எக்கோ அல்லது ஸ்கேன் ரிப்போர்ட், தடுப்பூசி அட்டை — இவை போதும். பதினைந்து வருட மருந்து பில்களை மூட்டை கட்டிக்கொண்டு போனால் எந்த டாக்டரும் பிரித்துப் பார்க்க மாட்டார்.

செல்போனில் படம் எடுத்து வையுங்கள். ஆனால் போன் தொலைந்தால் அதுவும் தொலையும். மத்திய அரசு 2021இல் தொடங்கிய திட்டத்தில் ஆபா என்று 14 இலக்க எண் ஒன்று கொடுக்கிறார்கள். எடுத்துக்கொள்ளுங்கள், நல்லதுதான். அந்த எண் வாங்கியதும் பழைய ஆபரேஷன் குறிப்பு தானாக வந்து உட்கார்ந்துவிடாது. பழையதைத் தேடி எடுப்பது நம் வேலை.

இளைஞர்களே, இது உங்களுடைய நோட்டு. 18 வயது முடிந்தால் ஆபரேஷனுக்குச் சம்மதக் கையெழுத்து உங்களுடையது, வாப்பாவுடையது அல்ல. 13, 14 வயதிலேயே எழுதத் தொடங்குங்கள். டாக்டர் அறையில் உம்மா பக்கத்தில் இருக்கட்டும், ஆனால் முதல் பதிலை நீங்கள் சொல்லுங்கள். குழந்தை மருத்துவரை விட்டுப் போகும் நாளில், "புதிய டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள், எத்தனை மாதத்தில் யாரைப் பார்க்க வேண்டும் என்றும் எழுதுங்கள்" என்று வாய் திறந்து கேளுங்கள். கேட்டால் மறுக்கும் டாக்டரை நான் அதிகம் பார்த்ததில்லை.

இந்தக் கூட்டம் முடிந்ததும் பின் வராந்தாவில் இரண்டு மேசைகள் போட்டிருக்கிறோம். கோடு போட்ட நோட்டுகள் இருக்கின்றன, காசு வேண்டாம். எழுதத் தெரியாத தாய்மார்களுக்குக் கல்லூரி மாணவர்கள் எழுதித் தருவார்கள். பெண்களுக்குத் தனியாகப் பெண் பிள்ளைகளே உட்கார்ந்திருக்கிறார்கள். எழுதுகிறவர்கள் படித்ததை வெளியே பேசக்கூடாது என்று சொல்லியிருக்கிறோம். வரும் ஞாயிறு அஸருக்குப் பிறகும் இதே இடத்தில் இருப்போம். பீரோ மேலிருக்கும் பையை அப்படியே எடுத்து வாருங்கள், இங்கே பிரித்துக்கொள்ளலாம்.